வேத வசனங்களை அறிவதும் ஆண்டவரை அறிவதும் ஒன்றுதானா?

கேள்வி | எழுதியவர்: திறந்தகதவு

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் வாழ்த்துகள்.

வாரந்தோறும் நடக்கும் ஒரு வேத ஆராய்ச்சிக் கூட்டத்தை நான் நடத்தி வருகிறேன். மாற்கு சுவிசேஷத்தை முடிக்கும் தறுவாயில், கூட்டத்துக்கு வரும் இளைஞர் ஒருவர் தம் வேதாகமத்தில் பதினாறாம் அதிகாரத்தின் அடிக்குறிப்பை உரக்க வாசித்தார். 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை என்பதே அந்தக் குறிப்பு. வாசித்துவிட்டு அவர், "இந்தப் பன்னிரண்டு வசனங்களும் பின்னால் சேர்ந்தவை என்றால், நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் மற்ற வசனங்களை எதை நம்பிப் பிடித்துக்கொள்வது?" என்று கேட்டார். அவர் குதர்க்கம் பேசுபவர் அல்லர். சிறுவயது முதல் வசனப் போட்டிகளில் தவறாமல் பரிசு வாங்கியவர். தம் விசுவாசத்தையே அந்த வசனங்களின் துல்லியத்தின்மேல் கட்டியவர். அவர் குரலில் இருந்தது கேலி அன்று, பயம்.

கூட்டத்தில் இருந்த மூத்த சகோதரி ஒருவர், "தம்பி, நீ விசுவாசிப்பது எழுத்தை அல்ல, ஆண்டவரை. அவரோடு உனக்கு உறவு இருந்தால் அடிக்குறிப்பு உன்னை ஒன்றும் செய்யாது" என்றார். எல்லோரும் தலையசைத்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. அந்த ஆண்டவரைப் பற்றி நான் அறிந்திருப்பதெல்லாம் அந்த எழுத்தின் வழியாக வந்ததுதானே? வேதம் ஒரு கடிதம், நாம் நேசிப்பது கடிதத்தை அல்ல, எழுதியவரை என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். கடிதம் வருவதற்கு முன்பே எழுதியவரை முகமுகமாய் அறிந்தவனுக்கு அந்த உவமை பொருந்தும். கடிதம் ஒன்றையே கையில் வைத்திருப்பவனுக்கு அது எந்த அளவுக்கு உதவும்?

ஆகவே என் கேள்விகள் இரண்டு. வசனத்தின் சொல்லமைப்பு ஓரிடத்தில் ஐயத்துக்குள்ளானால் விசுவாசம் அசைய வேண்டியதுதானா? எழுத்தைவிட உறவே முக்கியம் என்று நாம் சொன்னால், அந்த உறவு நம் சொந்தக் கற்பனை அல்ல என்பதற்கு என்ன பிடிமானம்?

பதில் 1 | எழுதியவர்: ஏட்டுச்சுவடி

முதல் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது என் தகுதிக்கு மிஞ்சியது.

அந்த இளைஞர் வாசித்த குறிப்பு சரியானதே. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 16:8-உடன் சுவிசேஷம் நின்றுவிடுகிறது. இதனால் உயிர்த்தெழுதலின் செய்தி கைவிட்டுப் போவதில்லை என்பதை அவருக்குக் காட்டுங்கள். அவர் உயிர்த்தெழுந்தார், உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார், அங்கே அவரைக் காண்பீர்கள் என்ற அறிவிப்பு அந்த எட்டு வசனங்களுக்குள்ளேயே இருக்கிறது. தவிர, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரம், மாற்குவின் சுவிசேஷத்துக்கு முன்பே, கி.பி. 50-களில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதிலும் பவுல், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்கிறார். அதாவது, அந்தச் சாட்சி அவருடைய எழுத்தைவிடப் பழையது.

சொல்லுக்குச் சொல் துல்லியம்தான் விசுவாசத்தின் அஸ்திபாரம் என்றால், சுவிசேஷகர்களே நம்மைக் கைவிட்டவர்கள் ஆவார்கள். சிலுவையின்மேல் வைக்கப்பட்ட பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீண்ட உரையன்று. எல்லோரும் நின்று வாசிக்கும்படி எழுதி மாட்டிய ஒற்றை வரி. மாற்கு அதை "யூதருடைய ராஜா" என்று மட்டும் தருகிறார். லூக்கா "இவன் யூதருடைய ராஜா" என்கிறார். மத்தேயுவில் "இவன் யூதருடைய ராஜாவாகிய இயேசு" என்றிருக்கிறது. யோவானிலோ "நசரேயனாகிய இயேசு யூதருடைய ராஜா" என்று காண்கிறோம். நான்கு பேரும் ஒரே பலகையைத்தான் குறிப்பிடுகிறார்கள். இந்த நான்கையும் ஆதிச்சபை ஒன்றாகத் திருத்திவிடவில்லை. நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டது. நாம் இன்று வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் முழுமையாக அதே பட்டியலாக முதன்முதலில் காணப்படுவது, அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு 367-இல் எழுதிய திருவிழாக் கடிதத்தில். அதற்கு முன் இரத்தசாட்சிகளாய் மரித்த எத்தனையோ பேர், இந்த முழுத் தொகுப்பையும் ஒருசேரக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அடிக்குறிப்பை அச்சிட்டவர்கள் வேதத்தின் எதிரிகள் அல்லர் என்பதையும் அந்தத் தம்பிக்குச் சொல்லிவிடுங்கள். பிரதிகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்து, தெரிந்ததை மறைக்காமல் சொன்னவர்கள் அவர்கள்.

பதில் 2 | எழுதியவர்: ஊத்ஸ்தேசத்தான்

ஊத்ஸ் யோபு வாழ்ந்த தேசம்; என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தப் புத்தகத்துக்குப் போவேன் என்பது தெரிந்துவிடும். உங்கள் கேள்விக்கு யோபுவின் புத்தகத்தைவிடக் கூர்மையான பதில் வேதத்தில் வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம்.

பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவைத் தேற்ற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூன்று நண்பர்களையும் நாம் பொதுவாக ஏளனமாகப் பேசிவிடுகிறோம். ஆனால் அவர்கள் பேசியவற்றைத் தனித்தனி வசனங்களாகப் பிரித்து எழுதினால், அவற்றில் பெரும்பாலானவை எந்த ஆலயச் சுவரிலும் எழுதி வைக்கத் தகுந்தவை. தேவன் நியாயத்தைப் புரட்டுவாரோ என்று பில்தாத் கேட்பதில் என்ன பிழை இருக்கிறது? தேவன் ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்று ஐந்தாம் அதிகாரத்தில் எலிப்பாஸ் சொன்ன அதே வாக்கியத்தை, பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் "எழுதியிருக்கிறது" என்ற முத்திரையோடு மேற்கோள் காட்டுகிறார். எனினும் அதே எலிப்பாஸை நோக்கித்தான் கடைசி அதிகாரத்தில் கர்த்தர், உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். தான் பிறந்த நாளைச் சபித்தவன், தேவனோடு வழக்காட வேண்டும் என்று துணிந்தவன், சில இடங்களில் வரம்பு மீறிப் பேசியவன் நிதானமாய்ப் பேசினானாம்; கோட்பாடு பிசகாமல் பேசிய மூவரும் பேசவில்லையாம்.

இது எப்படி என்று நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே அந்த உரையாடல்களை வாசித்தபோது விடை கண்ணில் பட்டது. நண்பர்கள் மூவரும் தேவனைப் பற்றிப் பேசுகிறார்கள். தேவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. யோபுவோ ஏழாம் அதிகாரத்திலேயே அவர்களை விட்டுவிட்டுத் தேவன் பக்கம் திரும்பிவிடுகிறான். பத்தாம் அதிகாரத்தில் மறுபடியும் திரும்புகிறான். பதின்மூன்றாம் அதிகாரத்தில் மறுபடியும். அவன் சொற்களில் கசப்பு இருக்கிறது, ஆனால் அவை போய்ச் சேர வேண்டிய இடத்தை நோக்கிப் போகின்றன. கடைசியில் கர்த்தர் அந்த நண்பர்களுக்கு விதிக்கும் தீர்வையும் கவனியுங்கள்: யோபு அவர்களுக்காக ஜெபம் பண்ண வேண்டும். தேவனிடம் பேசத் தெரிந்தவன் அவன்தான்.

"என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று யோபு சொல்வதை நாம் ஏதோ தரிசன அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கர்த்தர் அவனுக்குத் தந்ததோ நான்கு அதிகாரங்கள் நீளும் பேச்சு. அவன் கேட்ட எந்தக் கேள்விக்கும் அதில் நேரடிப் பதில் இல்லை. ஏன் இந்தத் துன்பம் என்ற விளக்கமும் இல்லை. விவரம் கிடைக்காத நிலையில்தான் அவன் "காண்கிறேன்" என்கிறான். தேவனைப் பற்றிய தகவல் குறைவாக இருந்தும் அவரை அறிந்திருப்பது சாத்தியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

உறவுதான் முக்கியம், வசனம் எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கணித அறிஞர் பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவில், ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி அரை மணி வரை, தமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை எழுதித் தம் மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். 1662-இல் அவர் இறந்த பிறகே அது கண்டெடுக்கப்பட்டது. "நெருப்பு" என்று தொடங்கி, தத்துவ ஞானிகளின் தேவன் அல்ல, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று அது போகிறது. தனிப்பட்ட அனுபவத்துக்குச் சான்றாகப் பலரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாளை முழுவதும் வாசித்தால் அதில் யாத்திராகமம் இருக்கிறது, ரூத் இருக்கிறது, "உம்மை அறிவதே நித்தியஜீவன்" என்ற யோவான் 17:3 இருக்கிறது. சுவிசேஷம் போதிக்கும் வழிகளால் மட்டுமே அவரைக் கண்டடைய முடியும் என்றும் எழுதியிருக்கிறார். பேச்சிழந்து நின்ற மனிதர் வாயைத் திறந்தபோது வந்தது வசனம். நான்கு சுவருக்குள் அவர் தனியாக இருந்த இரவில் யாரும் அவரைப் பரீட்சிக்கவில்லை. பரிசுக்காக அவர் ஒப்புவிக்கவும் இல்லை.

பதில் 3 | எழுதியவர்: அகல்விளக்கு

நான் கத்தோலிக்கர். எங்கள் சொற்கள் சற்று வேறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி எங்களிடையே சற்று வேறு விதமாகத்தான் எழும். கிறிஸ்தவ நம்பிக்கை "நூலின் சமயம்" அன்று, கடவுளுடைய வார்த்தையின் சமயம் என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 108-ஆம் பத்தி கூறுகிறது. அந்த வார்த்தை எழுதப்பட்ட ஊமை வார்த்தை அன்று, மனிதரான, உயிருள்ள வார்த்தை என்று புனித பெர்னார்து சொன்னதையும் அங்கேயே மேற்கோள் காட்டுகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பரில் கையெழுத்திட்ட தமது முதல் சுற்றுமடலின் தொடக்கத்திலேயே, ஒருவர் கிறிஸ்தவராவது ஓர் உயர்ந்த கருத்தாலோ ஒழுக்கத் தேர்வாலோ அன்று, ஓர் ஆளைச் சந்திப்பதாலேயே என்ற பொருளில் எழுதினார். ஆகவே உங்கள் மூத்த சகோதரி சொன்னதில் புதுமை எதுவும் இல்லை.

ஆனால் "உறவு" என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் உணர்ச்சியைத் தேடத் தொடங்குகிறார்கள் என்பதே என் கவலை. செபிக்கும்போது உள்ளம் உருகினால் உறவு இருக்கிறது, உருகாவிட்டால் இல்லை என்று கணக்குப் போடுகிறார்கள். அன்னை தெரேசா தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது பலர் அதிர்ச்சியடைந்தார்கள். பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் உடனிருப்பை உணரவே இல்லை, இருளையே உணர்ந்தார். அத்தனை ஆண்டுகளும் செபத்தையும் நற்கருணையையும் நோயுற்றோருக்கான பணியையும் அவர் விடவில்லை. அதை உறவு இல்லாத நிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எம்மாவுக்குச் சென்ற சீடர்கள் இருவரையும் நினைத்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசு வழி நெடுகிலும் மறைநூலை விளக்கினார். அவர்கள் உள்ளம் பற்றி எரிந்தது. ஆயினும் அவரை யாரென்று கண்டுகொள்ளவில்லை. பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்கள் திறந்தன. உடனே அவர் மறைந்தும் போனார்! பிறகு அவர்கள் செய்த முதல் வேலை, இரவென்றும் பாராமல் எருசலேமுக்குத் திரும்பி மற்றச் சீடர்களைத் தேடிச் சென்றது. நூலும் பந்தியும் கூட்டமும் அந்த நிகழ்ச்சியில் சேர்ந்தே வருகின்றன. தனி மனிதர் தம் அறையில் அமர்ந்து தம்மளவில் நிரூபித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக உங்கள் இளைஞர் இதை எண்ணுகிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில் 4 | எழுதியவர்: எதிர்க்காற்று

உறவு என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். 1534-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய அனபாப்திஸ்துகளின் (குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த பிரிவினரின்) தீர்க்கதரிசி யான் மத்தேயிஸ், தேவன் தமக்கு நேரடியாக வெளிப்படுத்தியதாக நம்பி, அந்த ஆண்டின் ஈஸ்டர் நாளில், நகரை முற்றுகையிட்டிருந்த படையை எதிர்த்து ஒரு சிலரோடு வெளியே போனார். அங்கேயே வெட்டுண்டு மாண்டார். அவருக்குப்பின் வந்த லெய்டன் யான் தம்மை ராஜாவாக அறிவித்துக்கொண்டு பல பெண்களை மணந்தார். 1535 ஜூனில் நகரம் வீழ்ந்தபோது நடந்த படுகொலையை நான் விவரிக்கப் போவதில்லை.

இதைச் சொன்னால் உடனே, அவர்கள் வசனத்தை விட்டு விலகியதுதான் காரணம் என்பார்கள். அது உண்மையன்று. அவர்களிடம் வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. பலதார மணத்துக்கு முற்பிதாக்களை ஆதாரம் காட்டினார்கள். ராஜ்யத்துக்குத் தாவீதைக் காட்டினார்கள். இயேசுவைச் சோதித்தபோது சோதனைக்காரனும் 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னான். ஆக, எழுத்தும் காப்பாற்றவில்லை, உள்மனக் குரலும் காப்பாற்றவில்லை.

என்னைப் பொறுத்தவரை கற்பனையையும் உறவையும் பிரிக்கும் அடையாளம் ஒன்றுதான். நான் கற்பனை செய்த தேவன் என்னை ஒருபோதும் மறுத்துப் பேச மாட்டார். எனக்குப் பிடிக்காதவர்களை அவருக்கும் பிடிக்காது. எதிரே மெய்யாகவே ஒருவர் இருந்தால் அவர் என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்பார். வேதத்தை நான் வைத்திருப்பது அதற்காகவே. சகோதரனைப் பகைத்துக்கொண்டு தேவனிடத்தில் அன்புகூருகிறேன் என்கிறவன் பொய்யன் என்று 1 யோவான் 4:20 சொல்கிறது. ஓர் உறவினரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, அதற்குத் தேவன் எனக்குச் சமாதானம் தந்துவிட்டார் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்த நாட்களில், இந்த வசனத்தைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. என் "உறவு" அனுமதித்ததை எழுத்து அனுமதிக்கவில்லை. அந்த எழுத்து என்னைத் தடுத்திராவிட்டால், என் குரலையே அவருடைய குரல் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆனால் வசனத்தைப் பிறரை மறுப்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. மூன்ஸ்டரில் நடந்தது அதுவே.

திறந்தகதவு

அனைவருக்கும் நன்றி. எதிர்க்காற்று அவர்கள் சொன்னது என் இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில். ஊத்ஸ்தேசத்தான் ஐயாவிடம் நடைமுறை சார்ந்து ஒன்று கேட்க வேண்டும். அந்த இளைஞருக்காக நான் இப்போது என்ன செய்வது? ஆண்டுதோறும் நடக்கும் வசன மனப்பாடப் போட்டியை நிறுத்திவிடலாமா என்றும் எங்களுக்குள் பேச்சு எழுந்திருக்கிறது.

ஊத்ஸ்தேசத்தான்

சகோதரரே, மனப்பாடத்தை நிறுத்த வேண்டாம். நம் ஆண்டவர் சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியபோது, சொன்னது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. பிதாவோடு அவருக்கு இருந்த உறவைவிட நெருங்கிய உறவு வேறில்லை. அந்த நேரத்தில் அவரும் மனதில் பதிந்திருந்த வேத வார்த்தைகளைக் கொண்டே ஜெபித்தார். வசனத்தை மனதில் வைப்பது தவறென்றால் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போட்டி என்ற வடிவத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கும்போது பிள்ளைகள் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொள்கிறார்கள். எந்த வசனம் யாரிடம் யார் சொன்னது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எலிப்பாஸின் வாக்கியமும் யோபுவின் வாக்கியமும் அவர்களுக்கு ஒன்றுதான்.

அந்த இளைஞரோடு அடிக்குறிப்பைப் பற்றி வாதாட வேண்டாம். ஏட்டுச்சுவடி அவர்கள் எழுதியதை ஒரு முறை பொறுமையாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். பிறகு அவரோடு 23-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அவருக்கு அது தூக்கத்திலும் வரும். அதனாலேயே அதை எடுக்கச் சொல்கிறேன். முதல் மூன்று வசனங்களிலும் தாவீது கர்த்தரை "அவர்" என்றே சொல்லிக்கொண்டு போகிறான்: அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார், அவர் ஆத்துமாவைத் தேற்றுகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்தவுடன் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று முகத்தைத் திருப்பிவிடுகிறான். இதுவரை எத்தனை முறை ஒப்புவித்திருப்பார் என்று அவரைக் கேளுங்கள். இந்தத் திருப்பத்தைக் கவனித்தாரா என்றும் கேளுங்கள். அந்த இடத்தில் நிறுத்தி, அவரையே அடுத்த வாக்கியத்தைத் தம் சொந்தச் சொற்களில் ஆண்டவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தயங்குவார், அவசரப்படுத்தாதீர்கள். நீங்களும் கண்களை மூடிக்கொண்டு அமைதியாக இருங்கள், அவருக்காக முந்திக்கொண்டு ஜெபித்துவிடாதீர்கள்.

போட்டிக்கு இந்த ஆண்டு ஐம்பது தனி வசனங்களுக்குப் பதிலாக முழுச் சங்கீதங்கள் மூன்றைக் கொடுத்துப் பாருங்கள். பரிசு வேண்டுமா என்பதை உங்கள் மூப்பர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.